லிஃப்ட் பார்க்க வந்தேன்

ஐந்தாம் மாடியின் கடைசி அறை முன்னால் நின்று, கதவைத் தட்டுவதற்காகக் கையைத் தூக்கினார் மெக்கானிக். தட்டாமலே இறக்கினார். பிறகு மறுபடி தூக்கினார். பார்க்கிறவர்களுக்கு யாரோ ஒரு மனிதர் கதவுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதாகத் தோன்றியிருக்கும். நல்லவேளை, அந்த நடையில் ஆள் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். குடியை விட நினைப்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் கூடிப் பேசுகிற இடம். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டுக்குப் பல வருஷமாக அவர்தான் மெக்கானிக். கீழே ஒட்டியிருக்கிற அறிவிப்பைக் காட்டி, கூட வேலை செய்யும் மைத்துனனிடம் கேலி பேசியவரும் அவர்தான். "பார்றா மாப்ளே, குடிகாரனுக்கெல்லாம் சங்கம்! கூட்டம் முடிஞ்சதும் எங்க போவாங்க, நேரா கடைக்கா?" அன்றைக்கு அவருடைய டூல் பையில், தண்ணீர் பாட்டிலில், தண்ணீர் நிறத்திலேயே சரக்கு இருந்தது. அதை மறைத்துக்கொண்டுதான் அவ்வளவு சிரிப்பும்.

இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் நடந்ததற்குப் பிறகு, ராத்திரியில் கண்ணை மூடினாலே ஒரு ஹெல்மெட் விழுகிற சத்தம்தான் அவர் காதில் கேட்டது.

நடந்தது இதுதான். லிஃப்ட் பழுது பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில், ஸ்விட்ச் பக்கத்தில் இருப்பார். இன்னொருவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி, இருட்டுக் கிணற்றுக்குள் நின்று வேலை பார்ப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கூண்டின்மேல் நிற்பவர் "மேலே" என்பார். மெஷின் ரூமில் இருப்பவர் அதையே திருப்பி "மேலே" என்று சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு, நிற்பவர் தலையை, கையை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு "சரி" என்பார். அந்தச் "சரி" வரும்வரை ஸ்விட்ச்மேல் கை போகக்கூடாது. போனால் ஆள் காலி. இந்தத் தொழிலில் வேறு மந்திரம் தந்திரம் எதுவும் கிடையாது.

அன்று காலையில் கை நடுக்கம் நிற்பதற்காகக் கொஞ்சம் குடித்திருந்தார். கொஞ்சம் என்பது அவர் கணக்கு. கீழேயிருந்து மைத்துனன் "மேலே" என்றான். இவரும் "மேலே" என்றார். அவன் "சரி" சொல்வதற்குள் ஸ்விட்சைத் தட்டிவிட்டார். காத்திருக்கப் பொறுமையில்லை, அவ்வளவுதான் காரணம். கூண்டு மேலே கிளம்பியது. கூண்டு ஏறும்போது அதன் பக்கத்தில் இரும்புக் கட்டிகள் அடுக்கிய எடை கீழே இறங்கும். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனனின் ஹெல்மெட்டை அது தட்டிக்கொண்டு போனது. தலை தப்பியது. ஹெல்மெட் சுவரில் மோதி மோதி அடிவரைக்கும் விழுந்தது.

அதன்பின் சத்தமே இல்லை. மெக்கானிக் கிணற்றுக்குள் காதைக் கொடுத்தார். செத்துட்டானா? என் பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பேன்? கடைசியில் கீழேயிருந்து குரல் வந்தது.

"மாமா... நான் சரின்னு சொல்லிட்டேனா?"

அந்தப் பிள்ளை அப்படித்தான் கேட்டான். தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தான், ஏனென்றால் மாமா தப்பு செய்வார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மெக்கானிக் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கத்தான் செய்தார்.

"சொன்னியேடா. கவனமா இருக்க வேணாமா?"

இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் பேச முடியாது. அது அவருக்கே தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போய்ப் பாட்டிலைக் குழாயடியில் கவிழ்த்தார். மறுநாள் காலையில் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் கை ஆடியது, போய் இன்னொன்று வாங்கினார். எங்கேயோ தொலைவில், தெரிந்த முகம் எதுவும் இல்லாத இடத்தில் ஒரு கூட்டம் கிடைத்தால் போகலாம் என்று போனில் தேடி, ஒரு எண்ணைக் கூப்பிட்டார். எடுத்த ஆள் தங்கமான குரலில் விசாரித்துவிட்டு, "உங்களுக்குப் பக்கம்னா ஒண்ணே ஒண்ணுதான் சார்" என்று இந்தக் கட்டடத்தின் முகவரியைச் சொன்னார். போனை வைத்துவிட்டு மெக்கானிக் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் இந்தக் கதவு முன்னால் வந்து நிற்கிறார். தட்டவும் இல்லை, போகவும் இல்லை. கதவு தானாகவே திறந்தது. டீ கெட்டிலைக் கையில் பிடித்தபடி, வழுக்கைத் தலையும் முகமெல்லாம் சிரிப்புமாக ஒருவர் நின்றார். பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே நாற்காலி போடுவதும் டீ ஊற்றுவதும் அவர் பொறுப்பு. சனிக்கிழமை மட்டும் வருகிறவர் என்பதால் மெக்கானிக்கை அவர் பார்த்ததில்லை.

"வாங்க வாங்க. உட்காருங்க."

வட்டமாகப் போட்ட நாற்காலிகளிலிருந்து எல்லா முகங்களும் இவர் பக்கம் திரும்பின. நாக்கு தானாகப் பேசியது.

"லிஃப்ட் பார்க்க வந்தேன்."

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "அப்பாடா! ரொம்ப நாளா குலுங்குது சார். சனிக்கிழமைன்னா மெஷின் ரூம் சாவியை எங்ககிட்டதான் கொடுத்து வைப்பாங்க, இருங்க." சாவியையும் கொடுத்தார், சூடாக ஒரு டீயையும் கொடுத்தார். பொய் சொன்னவனுக்கு இப்படியெல்லாம் உபசாரம் நடந்தால் அவன் எங்கேதான் ஓடுவான்? மெக்கானிக் மாடிப்படி ஏறி மெஷின் ரூமுக்குள் போய் உட்கார்ந்தார்.

சும்மா உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வரும் என்று கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து, ஒரு திருகாணியைத் தளர்த்தி, ஒரு கம்பியைக் கழற்றி வைத்துக்கொண்டார். அந்த அறை நேராகக் கூட்டம் நடக்கிற அறைக்கு மேலே. ஜன்னல் வழியாகக் குரல்கள் ஏறி வந்தன. ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"தையல் மெஷின் ஊசி விரல்ல இறங்கியிருக்கு. எனக்குத் தெரியவே இல்ல. வந்த கஸ்டமர்தான் கத்துறா, அம்மா ரத்தம் ரத்தம்னு. நான் அவகிட்ட, துணி சிவப்புத்தானேன்னு சொல்றேன்."

கீழே சிரித்தார்கள். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. இதையெல்லாமா வாய்விட்டுச் சொல்கிறார்கள்? சொல்லிவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போகிறார்களா? படியில் காலடிச் சத்தம் கேட்கவும் பதறிப்போய்க் கம்பியைச் செருகி, திருகாணியை அவசரமாகத் திருகி, பெட்டியை மூடினார்.

"ஆச்சா சார்?" என்று மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"ஆச்சு. இனிமே குலுங்காது."

அடுத்த வாரம் முழுக்க மைத்துனன் குரல் அவரைக் கொன்றது. முன்பெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து பாட்டுப் பாடுகிறவன். இப்போது பாட்டு இல்லை. ஒவ்வொரு தடவையும் "சரி, சரி" என்று இரண்டு முறை சொன்னான். சொல்லிவிட்டு, "சொல்லிட்டேன் மாமா, கேட்டுச்சுல்ல?" என்றும் கேட்டான். வெள்ளிக்கிழமை டூல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"திங்கக்கிழமை ஆபீஸ்ல சொல்லிட்டு வேலையை விடப்போறேன் மாமா. தான் என்ன சொன்னோம்னே மறந்து போறவன் அந்த இடத்துல நிக்கக்கூடாது. நாளைக்கு உங்க உயிருக்கும் ஆபத்து."

உங்க உயிருக்கும்! மெக்கானிக் "பார்க்கலாம்டா" என்று மென்று விழுங்கினார். வீட்டில் மனைவி, "என் தம்பிக்கு என்னங்க ஆச்சு? தனக்குத்தானே பேசிக்கிறான்" என்று கேட்டபோது, டிவி சத்தத்தைக் கூட்டினார்.

சனிக்கிழமை காலையில் குடித்தார். சாயங்காலம் கிளம்பினார். உள்ளே போவது, வாயைத் திறப்பது, திங்கட்கிழமைக்குள் அந்தப் பையனிடம் உண்மையைச் சொல்ல அங்கேயாவது கொஞ்சம் தைரியம் கிடைக்கிறதா என்று பார்ப்பது. படியேற நினைத்தால் கால்கள் வலுவில்லாமல் ஆடின. லிஃப்ட்டில் ஏறினார். கதவு மூடும் நேரத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி பையோடு உள்ளே வந்தாள். ஐந்தை அழுத்தினாள். இவரையும் பார்த்தாள். மூக்கைச் சற்றே சுருக்கினாள்.

நாலாவது மாடி தாண்டியதும் மேலே எங்கோ 'டக்'கென்று சத்தம். லிஃப்ட் நின்றது. விளக்கு மட்டும் எரிந்தது.

மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. ஒரு கம்பி கழன்றால் எப்படிச் சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியாதா? போன வாரம் நடுங்குகிற கையோடு அரைகுறையாகத் திருகிய அதே கம்பி.

அந்தப் பெண்மணி கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலாரத்தை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். கீழேயிருந்து வாட்ச்மேன், "கம்பெனிக்குச் சொல்லியாச்சு, ஆள் வர்றாங்க!" என்று கத்தினார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு இவர் பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறந்ததும் தெரிந்தது, அந்தக் குரலை இவர் முன்பே கேட்டிருக்கிறார். ஊசி விரலில் இறங்கிய தையல்கார அம்மா.

"போன வாரம் லிஃப்ட் பார்க்க வந்தவர் நீங்கதானே? பார்த்த லட்சணம் இதுதானா?"

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மைத்துனன்.

"மாமா, அந்தப் பழைய கட்டடத்துல லிஃப்ட் நின்னுடுச்சாம். உள்ள ஆள் மாட்டியிருக்காங்க. டியூட்டி எனக்குத்தான், ஆனா தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. வர்றீங்களா?"

"நான்... தூங்கிட்டிருக்கேன்டா. உடம்பு சரியில்ல. நீயே பார்த்துக்க."

போனை வைத்தார். தையல்கார அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நின்னுக்கிட்டே நல்லாத் தூங்குறீங்க."

"அவன் என் மச்சினன்."

"யாரா வேணா இருக்கட்டும். நான் எத்தனை பொய் சொல்லியிருப்பேன், எனக்குத் தெரியாதா அந்தக் குரல்? ஐயோ, எனக்கு மூடின இடம்னாலே ஆகாது. ஏதாவது பேசுங்க. நான் அஞ்சாவது மாடிக்கு. நீங்க எங்க போறீங்க?"

மெக்கானிக் லிஃப்ட் தரையைப் பார்த்தார்.

"நானும் அங்கதான்."

"வேலைக்கா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மேலே மெஷின் ரூம் கதவு திறந்தது. மைத்துனன் குரல் கிணற்றில் இறங்கியது.

"உள்ள யாரும்மா இருக்கீங்க? பயப்படாதீங்க. கரண்டை நிறுத்திட்டேன். கையாலதான் ஏத்தப்போறேன். நான் சொன்னா நீங்க சரின்னு சொல்லணும். ரெண்டு தடவை சொல்லுங்கம்மா, தயவு செஞ்சு."

கையால் ஏற்றுவதும் இரண்டு பேர் வேலைதான். ஒருவர் பிரேக்கைத் தளர்த்த, இன்னொருவர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஆள் குறைவாக இருந்தால் பக்கத்திலிருக்கிற எடைதான் கனம். பிரேக்கை விட்டதும் லிஃப்ட் தானாக மேலே பாயும். பிடிக்கத் தெரியாமல் விட்டால் உச்சியில் போய் மோதும். சக்கரம் பிடித்தவன் கையையும் முறித்துவிடும். இரண்டாவது ஆள் எங்கே? வீட்டில் தூங்குகிறார்.

"மேலே!" என்றான் மைத்துனன்.

"சரி! சரி!" என்று தையல்கார அம்மா கத்தினாள்.

லிஃப்ட் விருட்டென்று மேலே பாய்ந்து, தடாலென்று நின்றது. அவள் அலறினாள். மெக்கானிக் சுவரில் மோதி உட்கார்ந்தார். மேலேயிருந்து அழுகிற மாதிரி குரல்.

"அம்மா, அடிபட்டுச்சா? நீங்க சரின்னு சொன்னீங்கதானே? எனக்குக் கேட்டுச்சு... கேட்டுச்சான்னு தெரியல. என்னால முடியல. கை நடுங்குது. நான் வேற ஆளைக் கூப்பிடுறேன்... இல்ல, பிரேக் இறுக மாட்டேங்குது..."

குடிக்காதவன் கை நடுங்குகிறது. இவர் கொடுத்த நடுக்கம் அது. மெக்கானிக்குக்குப் பயம் என்றால் அப்படியொரு பயம். சொன்னால் குடும்பத்துக்கு முன்னால் மானம் போகும், வேலை போகும். சொல்லாவிட்டால் மேலே இருக்கிறவன் கை போகும், பக்கத்தில் இருக்கிறவள் உயிர் போகும். எழுந்து, கூரையைப் பார்த்து, அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டார்.

"மாப்ளே."

மேலே சத்தம் நின்றது.

"மாமா?"

"நான்தான்டா. உள்ளதான் இருக்கேன். சக்கரத்துலேருந்து கையை எடுக்காத. பிரேக் கம்பியைக் காலால மிதி, இறுகும். இறுகிடுச்சா?"

மேலே இரும்பு கிறீச்சிட்டது. "இறுகிடுச்சு" என்றான். பிறகு, "தூங்குறேன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

"எங்க போறீங்க?"

"அஞ்சாவது மாடிக்கு. கடைசி ரூமுக்கு."

அந்த அறை எது என்று அவனுக்குத் தெரியும். இவர்தான் கேலி பேசிக் காட்டியிருந்தாரே. தையல்கார அம்மா கம்பியைப் பிடித்தபடி மூச்சுவிடாமல் நின்றாள். இப்போது நிறுத்தினால் இனி எப்போதும் சொல்லமாட்டார் என்று அவருக்கே தெரிந்தது.

"மாப்ளே, அன்னைக்கு நீ சரின்னு சொல்லவே இல்ல. நான் குடிச்சிருந்தேன். நீ சொல்றதுக்கு முன்னாடியே ஸ்விட்சைப் போட்டுட்டேன். சொன்னியேன்னு சொன்னதும் பொய்தான்."

லிஃப்ட்டும் இவர் உயிரும் அந்தப் பையனின் ஒரு கையில் தொங்கிக்கொண்டிருந்தன. கூண்டின்மேல் நிற்பவன் தினமும் என்ன பயத்தோடு நிற்கிறான் என்று மெக்கானிக்குக்குக் காலம்போன காலத்தில் விளங்கியது. அவன் கோபத்தில் பிரேக்கை விட்டாலும் கேட்க ஒரு வாய் கிடையாது.

தொழில் பழக்கம் லேசில் விடாது. சொன்னதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். மேலேயிருந்து, சொல் சொல்லாக, அவன் திருப்பிச் சொன்னான்.

"நான் சரின்னு சொல்லல."

"சொல்லல."

"நீங்க குடிச்சிருந்தீங்க."

"ஆமாடா."

"என் காதை, என் வாயை, எதையுமே நம்ப முடியாம அலைஞ்சேனே மாமா! பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு டாக்டர்கிட்ட போறதா இருந்தேன்!" அவன் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு வேறு குரலில், வேலைக் குரலில், "எப்படி ஏத்தணும்? சொல்லுங்க" என்றான்.

"பிரேக்கை முழுசா விடாத. தட்டித் தட்டி விடு. ஒரு சாண் ஏறினதும் பிடி. மேலே."

"மேலே."

"சரி" என்றார் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தவர், முதல் முறையாக அதைத் தானே சொன்னார்.

லிஃப்ட் கொஞ்சம் ஏறி நின்றது. மறுபடி "மேலே", மறுபடி "சரி". அப்படியே ஐந்தாம் மாடி வந்தது. மைத்துனன் ஓடி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தான். உள்ளங்கையெல்லாம் கிரீஸ், கண் சிவந்திருந்தது. தையல்கார அம்மா அவன் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்து தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவன் மாமாவைப் பார்க்கவில்லை.

"மேல கழண்ட கம்பியை மாட்டணும்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டான்.

அடித்திருந்தால்கூட மெக்கானிக் தாங்கியிருப்பார். பின்னாலேயே ஓடலாமா, படியிறங்கி நேராகக் கடைக்கே போய்விடலாமா என்று மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. தையல்கார அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க, எனக்கு இன்னும் கால் ஆடுது" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று சொல்வது கஷ்டம்.

மேனேஜர் டீ கொடுத்தார். இவரை அடையாளம் தெரிந்தும் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகப் பேசினார்கள். முறை இவரிடம் வந்தது. எழுந்து நின்றார். டம்ளர் தளும்பி டீ கையில் வழிந்தது. சூடு தெரியவில்லை.

அப்போது கதவு திறந்தது. மைத்துனன், டூல் பையோடு. அத்தனை முகமும் திரும்பியதும் அவன் மிரண்டுபோனான்.

"லிஃப்ட் பார்க்க வந்தேன்" என்றான்.

தையல்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் விழித்தான். பாவம், அவன் சொன்னது சத்தியமான உண்மை.

"முடிஞ்சிருச்சா தம்பி?" என்றார் மேனேஜர்.

"முடிஞ்சுது. வாட்ச்மேன் இங்கேருந்து வாங்கிக் கொடுத்த சாவி, அதைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்." சாவியைக் கொடுத்தான். ஆனால் போகவில்லை, கதவோரமாக நின்றான்.

மெக்கானிக் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தார்.

"நான் குடிகாரன்" என்றார். "இன்னைக்குக் காலையிலயும் குடிச்சேன். என்னால தனியா நிறுத்த முடியல."

அவ்வளவுதான் சொல்ல வந்தது. சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவசரப்படவில்லை, கையை அசைக்கவில்லை. எல்லாரும் கதவோரம் நின்றவனைத்தான் பார்த்தார்கள்.

அவன் கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"சரி, மாமா" என்றான்.

ஒரு தடவைதான் சொன்னான். கேட்டுச்சா என்று கேட்கவில்லை.